ஊறிய நீர்

ஊறுகாய் என்றவுடன் காயை மட்டும் நினைப்பதும், அது ஊறிக் கிடந்த நீரை ஒரு துணைப்பொருளாகக் கருதுவதும் பொதுவான வழக்கமாகிவிட்டது. ஜாடியில் காய் தீர்ந்ததும் அடியில் எஞ்சிய நீரைக் கொட்டிவிட்டு ஜாடியைக் கழுவிக் கவிழ்க்கும் வீடுகள் இன்று பல. ஆனால் காயின் புளிப்பும் துவர்ப்பும் மணமும், கடலின் உப்பும், கடந்துபோன நாள்களும் ஒன்றோடொன்று கலந்து முழுமை பெறும் இடம் அந்த நீர்தான். மத்தியதரைக் கடலோரத்தின் ஆலிவ் காய் ஊறிய உப்புநீரை மேலைநாட்டார் ஒரு புகழ்பெற்ற மதுக்கலவையின் உயிராக ஆக்கிக்கொண்டார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் மாவடு ஊறிய நீர் மோருக்கும் நீராகாரத்துக்கும் பழைய சோற்றுக்கும் சுவையூட்டி வந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், மாந்தோப்புகள் சூழ அடுத்தடுத்து அமைந்த இராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் முன்னிறுத்தி இவ்விரு நீர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு பானத்தின் பெருமை அதில் கலந்த சாராயத்தில் இருக்கிறதா, அல்லது ஜாடிக்குள் காத்திருந்த நீரில் இருக்கிறதா என்னும் கேள்விக்கு விடை கிடைக்கும்.

மேலைநாட்டுப் பானத்தை முதலில் காணலாம். மார்ட்டினி என்பது ஜின்னும் வெர்மூத்தும் சேர்ந்த கலவை. ஜின், தானியத்திலிருந்து வடித்த சாராயத்தை ஜூனிப்பர் என்னும் ஊசியிலைத் தாவரத்தின் காய்களோடும் வேறு வாசனைப் பொருள்களோடும் மீண்டும் வடித்து மணமேற்றிய தெளிந்த மது. வெர்மூத், திராட்சை மதுவில் கசப்பு மூலிகைகளை ஊறவைத்து, சிறிது சாராயம் சேர்த்து வலுவேற்றியது. இவற்றோடு ஆலிவ் ஜாடியின் உப்புநீரையும் சேர்த்தால் தெளிவாக இருந்த பானம் கலங்கிவிடும். அந்தக் கலங்கலை முன்னிட்டே இந்த வகை டர்ட்டி மார்ட்டினி என்று அறியப்படுகிறது. வீட்டில் செய்வோர் 60 மில்லி ஜின், 15 மில்லி இனிப்பற்ற வெர்மூத், 15 மில்லி ஆலிவ் நீர் ஆகியவற்றை நிறையப் பனிக்கட்டி இட்ட குவளையில் ஊற்றி, நீண்ட கரண்டியால் அரை நிமிடம் சுழற்றி, முன்பே குளிரவைத்த காம்புக் கிண்ணத்தில் வடிகட்டி, ஓரிரு ஆலிவ் காய்களை இட்டுப் பரிமாறுவார்கள். சுழற்றும்போது உருகிச் சேரும் பனிநீர் கலவையில் ஏறத்தாழக் கால் பங்கு கூடுவதால் சாராயத்தின் எரிப்பு தணிகிறது. சாராயம் கலந்த நீர் எளிதில் உறையாது என்பதால் பானம் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே குளிர்ந்துவிடுகிறது.

இவ்வளவும் சில நிமிட வேலைதான். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் பல மாதங்களின் மேல் நிற்கின்றன. பறித்த ஆலிவ் காயை அப்படியே தின்ன இயலாது; ஒலியூரோபீன் என்னும் வேதிப்பொருள் அதைத் தாங்கமுடியாத கசப்பாக ஆக்கிவைத்திருக்கிறது. ஸ்பெயின் நாட்டு முறையில் காயைக் காரநீரில் சில மணிநேரம் வைத்துக் கசப்பை முறித்து, கழுவி, உப்புநீரில் இட்டு நொதிக்க விடுகிறார்கள். கிரேக்க நாட்டின் பழைய முறையில் காரநீர் இல்லை, நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு உப்பு கரைந்த நீரில் காயைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இந்தக் காலத்தில் பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களுக்கு உறவான லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் காயின் சர்க்கரையைப் புளிப்பாக மாற்றுகின்றன. கசப்பு சிறிது சிறிதாக நீருக்குள் இறங்கித் தணிகிறது. காயின் மணமும் மெல்லிய எண்ணெய்ப் பதமும் நீரோடு சேர்கின்றன. கிண்ணத்தில் விழும் 15 மில்லி உப்புநீர் இத்தனையும் சேர்ந்த சாரம். ஜின்னையும் வெர்மூத்தையும் கடையில் வாங்கிவிடலாம். நல்ல உப்புநீருக்கு யாரோ ஒருவர் ஜாடியருகே காத்திருந்திருக்க வேண்டும்.

இந்தப் பானத்தின் வரலாற்றில் அரசியலும் உண்டு. அமெரிக்காவில் 1920இல் நடைமுறைக்கு வந்த நாடு தழுவிய மதுவிலக்கு 1933 டிசம்பரில் நீங்கியபோது குடியரசுத் தலைவராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஆலிவ் நீர் கலந்த மார்ட்டினியைத் தம் கையாலேயே விருந்தினருக்குக் கலந்து கொடுப்பவராக அறியப்பட்டார். அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் சென்னை மாகாணம் எதிர்த்திசையில் நடந்தது. 1937 அக்டோபரில் இராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அந்த முழு மதுவிலக்குக் காலத்தில், 1949 முதல் 1952 வரை, அரசுக்குத் தலைமை தாங்கிய பூ. ச. குமாரசுவாமி ராஜா இராஜபாளையத்துக்காரர். காந்தியத்தில் ஊன்றிய அவர் தம் வீட்டையே கலைப்பணிக்காக ஊருக்குக் கொடுத்துவிட்டார், அது இன்று காந்தி கலை மன்றமாக விளங்குகிறது. மதுவை மறுத்த ஒரு தலைமுறையின் ஊரில் மதுக்கலவை ஒன்றைப் பற்றி எண்ணும்போது, அதிலிருந்து மதுவைப் பிரித்தெடுத்துவிட்டு எஞ்சுவதை ஆராய்வது அந்த ஊரின் வரலாற்றுக்கும் பொருத்தமானது.

ஆலிவ் மரம் இந்த அடிவாரத்தில் விளைவதில்லை என்றாலும் மார்ட்டினியின் பொருள்கள் அனைத்தும் இங்கே அயலார் அல்லர். தாவரவியல் வகைப்பாட்டில் ஆலிவும் மல்லிகையும் பவளமல்லியும் ஒரே குடும்பம்; ஸ்ரீவில்லிபுத்தூரில் பூக்கட்டுவோரின் விரல்கள் தொடும் மல்லிகைக்கு அந்த மரம் உறவுமுறை. வெர்மூத்துக்குக் கசப்பையும் பெயரையும் தந்த மூலிகை, தென்மாவட்டப் பெண்கள் பூவோடு சேர்த்துச் சூடும் மரிக்கொழுந்தின் இனம். ஜின்னில் ஜூனிப்பருக்கு அடுத்த இடம் பெறும் வாசனைப் பொருள் கொத்தமல்லி விதை. விருதுநகர்ச் சந்தையில் மூட்டை மூட்டையாகக் கைமாறும் அதே மல்லிதான். எனவே ஆலிவின் இடத்தில் இந்த மண்ணின் காய் ஒன்றை வைத்துப் பார்ப்பது வலிந்து செய்யும் முயற்சி ஆகாது.

அந்தக் காய் மாவடு. கொட்டை முற்றுவதற்கு முன், நெல்லிக்காய்ப் பருமனிலோ அதற்குச் சற்று மேலாகவோ இருக்கும் மாம்பிஞ்சை வடு என்பது தமிழ் வழக்கு. ஒரு மாம்பூங்கொத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் மலர்ந்தாலும் பழமாகி நிற்பவை மிகச்சில. பிஞ்சுகளில் பெரும்பகுதியை மரமே உதிர்த்துவிடுகிறது. மரம் எப்படியும் தாங்கமுடியாத பிஞ்சில் ஒரு பகுதியை, உதிர்ந்து அடிபடுவதற்கு முன் காம்போடு பறித்து ஓராண்டு உணவாக்கும் ஏற்பாடே மாவடு. இராஜபாளையம், தனக்கே உரிய சப்பட்டை, பஞ்சவர்ணம் முதலிய மாம்பழ வகைகளால் அறியப்பட்ட ஊர். அய்யனார் கோயில் அருவிப் பக்கமும் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புப் பக்கமும் மாந்தோப்புகள் காட்டின் விளிம்பைத் தொட்டுக் கிடக்கின்றன. அந்தக் காடு 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் ஆனது. மாசியும் பங்குனியும் சந்திக்கும் நாள்களில் இத்தகைய தோப்புகளிலிருந்து இறங்கும் வடுக்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயுள் இல்லை. அதற்குள் கொட்டை முற்றிவிடும்.

மாவடு போடும் முறை எளிது. ஆனால் அதில் அலட்சியத்துக்கு இடமில்லை. அடிபடாத வடுக்களைப் பொறுக்கி, காம்பைச் சிறிது விட்டு நறுக்கி, கழுவி, ஈரம் போகத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்துவார்கள். காம்பை அடியோடு கிள்ளிவிட்டால் பால் வடிந்து, அந்த வாய்வழியே காய் அழுகத் தொடங்கும். பிறகு சிறிது விளக்கெண்ணெய் தடவி, மஞ்சள்பொடி தூவி, பீங்கான் ஜாடியில் ஓர் அடுக்கு வடு, ஓர் அடுக்குக் கல்லுப்பு என்று நிரப்பி, வாயில் மெல்லிய வெள்ளைத் துணியால் வேடு கட்டுவார்கள். எட்டுப் படி வடுவுக்கு ஒரு படி உப்பு என்பது வீடுகளில் வழங்கும் கணக்கு. எடையில் சொன்னால் ஒரு கிலோ வடுவுக்கு 150 முதல் 200 கிராம் உப்பு பொருந்தும். காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்கிவிட வேண்டும். இரண்டு மூன்று நாள்களில் அடியில் நீர் கோக்கும். ஒரு வாரம் பத்து நாள்களில் வடு சுருங்கி, தன் நீரில் தானே மூழ்கிவிடும். அந்த நீரில் ஒரு பகுதியை எடுத்து, அதில் காய்ந்த மிளகாயையும் கடுகையும் அரைத்து மீண்டும் ஜாடியில் கலந்துவிட்டால், சில வாரங்களில் மாவடு பதத்துக்கு வரும்.

ஆலிவுக்கும் மாவடுவுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இங்கேதான் புலப்படுகிறது. ஆலிவின் மேல் ஊற்றப்படும் உப்புநீர் வெளியிலிருந்து வந்தது. காய் தன் சாரத்தை அதற்குக் கொடுக்கிறது. மாவடு ஜாடியில் ஒரு சொட்டு நீரும் ஊற்றப்படுவதில்லை. இளம்பிஞ்சின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீர். தோலுக்கு வெளியே உப்பின் அடர்த்தி மிகும்போது, உள்ளிருக்கும் நீர் தோலையும் உயிரணுச் சவ்வுகளையும் கடந்து வெளியேறுகிறது. இதைச் சவ்வூடு பரவல் என்பர். நீர் வெளியே வர, உப்பு உள்ளே போக, இரண்டும் சமநிலை அடையும் வரை இந்த மாற்றம் நடக்கிறது. ஆகவே மாவடு நீர் முழுவதும் மாங்காயின் சொந்த நீர். உப்பு அதை அழைத்து வெளியே கொண்டுவந்தது, அவ்வளவே.

அந்த நீர் கெடாமல் இருப்பதற்கும் காரணங்கள் தெளிவானவை. உப்பின் செறிவு பெரும்பாலான நுண்ணுயிர்களுக்குத் தேவையான நீரை அவற்றுக்குக் கிட்டாமல் செய்கிறது. பச்சை மாங்காயின் சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும் நீரைக் கடும் புளிப்பில் வைத்திருக்கின்றன. அமிலத் தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு 4.6க்குக் கீழே இருந்தால் உயிரைப் பறிக்கும் பாட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளராது, மாவடு நீர் அந்த எல்லைக்கு மிகக் கீழே நிற்கிறது. அரைத்த கடுகு ஈரத்தைச் சந்தித்ததும் தோன்றும் காரமான ஆவி, மூக்கில் ஏறுவதோடு பூசணத்தையும் தடுக்கிறது. கல்லுப்பில் கலந்திருக்கும் சிறிதளவு சுண்ணாம்புச் சத்து, காயின் சதையைப் பிணைக்கும் பெக்டினை இறுக்கி வடுவை மொறுமொறுப்பாக வைக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களின் கல்லுப்பையே ஊறுகாய்க்குப் பெரியவர்கள் கேட்டு வாங்கியதற்கு இப்படி ஒரு நியாயம் உண்டு. கடித்தால் ஒலிக்க வேண்டும் என்பது மாவடுவின் பழைய இலக்கணம். சேக்கிழாரின் பெரியபுராணத்தில், செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் சுமந்துபோன அரிவாட்டாய நாயனார் இடறி விழ, அவை வயலின் வெடிப்பில் சிந்திவிடுகின்றன. அவர் தம் கழுத்தை அரியத் துணிந்தபோது, அந்த வெடிப்பிலிருந்து இறைவன் மாவடுவைக் கடிக்கும் ஓசை எழுந்ததாக வரலாறு. படையல் ஏற்கப்பட்டதற்கு அந்த ஓசையே சான்றாகிறது.

நீரை எப்படிக் கையாள்வது என்பதில் இந்த இரு ஊர்களும் மூன்று விடைகளை வைத்திருக்கின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா, பாலின் நீரை நெருப்பால் வெளியேற்றி, எஞ்சியதைச் சர்க்கரையால் காக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆந்திரத்திலிருந்து வந்து இராஜபாளையத்தில் குடியமர்ந்த ராஜுக்களின் தெலுங்கு மரபுக்கு உரிய ஆவக்காய், முற்றிய மாங்காய்த் துண்டங்களைக் கடுகுப்பொடியிலும் மிளகாய்ப்பொடியிலும் எண்ணெயிலும் புதைத்து, நீரை அண்டவிடாமல் காக்கிறது. மாவடு ஒன்றுதான் நீரை விரட்டாமலும் விலக்காமலும், அதை வெளியே வரவழைத்து, அதனிடமே காயை ஒப்படைக்கிறது. நெருப்பும் எண்ணெயும் தேவைப்படாத இந்த முறையில் செலவாவது உப்பும் நாள்களும் மட்டுமே.

மாவடு நீர் ஆலிவ் நீரின் இடத்தை எடுத்துக்கொள்ள வல்லது என்பதற்கு வேதியியலிலும் ஆதாரம் இருக்கிறது. மாம்பிஞ்சின் காம்பைக் கிள்ளினால் எழும் வாசனை டெர்ப்பீன் என்னும் எண்ணெய்ச் சேர்மங்களால் ஆனது. அவற்றுள் ஒன்றான மிர்சீன், ஜூனிப்பர் காய்களிலும் இருக்கிறது. உறவில்லாத இரண்டு தாவரங்களின் மணம் ஒரே மூலக்கூறில் சந்திப்பதால், மாவடு நீர் ஜின்னோடு எளிதில் இணங்கிப்போகிறது. உப்பின் பங்கு இதைவிட முக்கியமானது. 1997இல் நேச்சர் இதழில் பால் பிரெஸ்லினும் கேரி பீச்சாம்பும் வெளியிட்ட ஆய்வு, உப்பிலுள்ள சோடியம் நாவில் கசப்பை அடக்குவதால், அந்தக் கசப்பினால் அமுங்கிக்கிடந்த மற்றச் சுவைகள் மேலெழுகின்றன என்று காட்டியது. மார்ட்டினியில் உப்புநீர் இந்த வேலையைத்தான் செய்கிறது: மூலிகைக் கசப்பைத் தணித்து மணத்தைத் திறந்துவிடுகிறது. மோரில் ஒரு கல் உப்பு விழுந்ததும் அதன் புளிப்புக்குள் மறைந்திருந்த இனிமை வெளிப்படுவதும் இதே வகையான நுட்பம்.

தமிழ் வீடுகள் இந்த நுட்பத்தை நெடுங்காலமாக அறிந்திருந்தன. முந்திய இரவு சோற்றில் நீர் ஊற்றி வைத்து, விடிந்ததும் இறுத்து எடுக்கும் நீராகாரத்துக்கு, இரவு முழுவதும் வளர்ந்த லாக்டிக் அமிலத்தின் மெல்லிய புளிப்பு உண்டு. மண்பானையின் துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் அது தானே குளிர்ந்திருக்கும். அதில் ஒரு கரண்டி மாவடு நீரை விட்டு, ஒரு வடுவைக் கடித்துக்கொண்டு குடித்தால், வெயிலில் வேலைக்குப் போகிறவரின் உடல் வியர்வையில் இழக்கப்போகும் நீரும் உப்பும் முன்கூட்டியே கிடைத்துவிடும். தயிர்சாதத்தில் அந்த நீரை ஊற்றிப் பிசைவதும், நீர்மோரில் கலப்பதும், எஞ்சிய நீரில் சுண்டைக்காயையும் மிளகாயையும் ஊறவைத்து வெயிலில் உலர்த்தி வற்றலாக்குவதும் வீட்டு வழக்கங்கள். குளிர்ச்சி, புளிப்பு, உப்பு, கடிக்க ஒரு காய் என்னும் நான்கையும் வைத்துப் பார்த்தால், காம்புக் கிண்ணத்தில் பரிமாறப்படும் மார்ட்டினிக்கும் வெண்கலச் செம்பில் ஊற்றிய நீராகாரத்துக்கும் அமைப்பு ஒன்றே. வேறுபடுவது சாராயம் ஒன்றுதான்.

இந்தப் புரிதலோடு வீட்டில் பானம் செய்ய முனைவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மிளகாயும் கடுகும் அரைத்துச் சேர்ப்பதற்கு முன்பே, வடு சுருங்கி முதல் நீர் நிறைந்த நிலையில், தேவையான அளவைத் தனியே வடிகட்டி, உலர்ந்த கண்ணாடிக் குப்பியில் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். காரம் சேராத அந்த நீரில்தான் மாம்பிஞ்சின் மணம் தெளிவாக இருக்கும். கடைந்து வைத்த மோரை அசைக்காமல் விட்டால் மேலே நிற்கும் தெளிவை, அல்லது இறுத்த நீராகாரத்தை, 150 மில்லி எடுத்து நன்றாகக் குளிரவைத்து, அதில் ஒன்று முதல் இரண்டு தேக்கரண்டி மாவடு நீரைக் கலந்து, ஒரு வடுவை இட்டுப் பருகலாம். வேறு உப்பு தேவையில்லை. ஜின்னிலேயே செய்து பார்க்க விரும்பும் வயதுவந்தோர், ஆலிவ் நீருக்குச் சொன்ன 15 மில்லியை 5 மில்லியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். மாவடு நீரின் உப்பு ஆலிவ் நீரின் உப்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஒருவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 15 மில்லி மாவடு நீரிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கும் என்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சில துளிகளோடு நின்றுவிடுவது நல்லது. மதுவைப் பொறுத்தவரை, உடலுக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என 2023இல் அதே நிறுவனம் அறிவித்திருக்கிறது. குடியினால் உருக்குலைந்த குடும்பங்களை நன்கறிந்த தமிழ்நாட்டில் இந்த எச்சரிக்கையை விளக்க வேண்டியதில்லை.

ஜாடியைச் சுற்றி வளர்ந்த விதிகளையும் பிரித்தறிய வேண்டும். ஈரக்கரண்டி படக்கூடாது என்பது அறிவார்ந்த விதி. ஈரம் பட்ட இடத்தில் உப்பின் செறிவு குறைந்து, வெண்ணிற ஆடையாகப் பூசணம் படர்கிறது. மாதவிலக்கான பெண்கள் ஜாடியைத் தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும் என்ற விதிக்கு எந்த அடிப்படையும் இல்லை. வடுவைப் பொறுக்கியதும் கழுவியதும் உலர்த்தியதும் நாள்தோறும் குலுக்கியதும் பெண்களின் கைகளாகவே இருக்க, அந்தக் கைகளையே மாதந்தோறும் விலக்கிவைத்த அநீதி அது. ஒரு பாட்டியின் கைராசி என்று ஊர் புகழ்ந்தது, காயைத் தேர்வதிலும் ஈரத்தைத் தவிர்ப்பதிலும் நாள் தவறாமல் குலுக்குவதிலும் அவர் காட்டிய ஒழுங்கைத்தான். பயின்றால் யார் கைக்கும் அந்த ஒழுங்கு வரும், ஆண்களின் கை உட்பட.

இன்று இந்த மரபுக்கு நேரும் இழப்பு ஜாடியில் தொடங்கவில்லை, மரத்தில் தொடங்குகிறது. நல்ல வடு பெரும்பாலும் விதையிலிருந்து முளைத்த நாட்டு மரங்களிலிருந்து வருவது. சந்தையில் நல்ல விலை பெறும் ஒட்டு ரகங்களின் பிஞ்சை யாரும் பறித்துவிட மாட்டார்கள். பழுத்த பிறகு நார் மிகுந்தும் சிறுத்தும் இருக்கும் நாட்டு மரத்தின் காய்தான் வடுவாக இறங்கும். பழச்சந்தையின் கணக்கில் பயனற்றதாகத் தோன்றும் அந்த மரம் வெட்டப்படும்போது, ஊறுகாய்க்கே உரிய ஒரு புளிப்பும் ஒரு வாசனையும் அதோடு போய்விடுகின்றன; விதையில் வளர்ந்த ஒவ்வொரு மரமும் தனிக்குணம் உடையது என்பதால், அதற்கு ஈடாக வேறொன்றை நட இயலாது. மறுபுறம், கடைகளில் விற்கும் குப்பிகளில் புளிப்புக்காகச் செயற்கைக் காடியும் காப்புக்காக சோடியம் பென்சோயேட்டும் சேர்க்கப்படுவது உண்டு. அப்படிப்பட்ட குப்பியின் நீரை யாரும் மோரில் ஊற்றிக் குடிப்பதில்லை. அதைக் கொட்டுவதே பொருத்தம் என்று நாவே சொல்லிவிடுகிறது. அந்த நீரைக் கொட்டிப் பழகிய கை, பின்னர் வீட்டில் ஊறிய நல்ல நீரையும் கொட்டிவிடுகிறது.

ஆலிவ் ஜாடியின் அடியில் எஞ்சிய நீரை மேலைநாட்டார் வீணாக்காமல் கிண்ணத்தில் ஏற்றியது, ஒரு காயின் மீதும் அது கடந்துவந்த காலத்தின் மீதும் காட்டிய மதிப்பு. அந்த மதிப்பைக் கற்றுக்கொள்ள ஆலிவை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை, சாராயத்தை நாட வேண்டியதும் இல்லை. சாராயத்தை நீக்கினாலும் இந்தப் பானம் நிற்கும். ஊறிய நீரை நீக்கினால் நிற்காது. எனவே மாசி பிறந்ததும் நாட்டு மாமரம் நிற்கும் தோப்பைத் தேடி ஒரு கிலோ வடுவாவது விலைகொடுத்து வாங்குங்கள். அந்த விலை மரத்தை நிற்கவைக்கும். வீட்டில் உள்ள எல்லாரும் முறைவைத்து ஜாடியைக் குலுக்குங்கள். காய் தீர்ந்த பிறகு அடியில் இருக்கும் நீரைக் கொட்டாதீர்கள்.